மணலில் தமிழ் எழுதியவர்!

திருப்பூர்ப் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் பனியன் கம்பெனிதான். பிரிண்டிங் பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்தும் படமும் துணியில் சட்டென்று பதிந்துவிடும். ஆனால், 300 ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுத்தைத் தாளில் அச்சடிக்க ஒருவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்தான் சீகன்பால்கு.

அவரைத் தெரிந்துகொள்ள ஒரு கடற்கரைக் கோட்டைக்குப் போவோமா? உங்கள் நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரி கடலைச் சேரும் பூம்புகாருக்குத் தெற்கே உள்ளது தரங்கம்பாடி. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1620ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டென்மார்க் நாட்டுத் தளபதி ஓவே கெட்டே இங்கே கோட்டை கட்டினார். மிளகு வாணிபம் செய்யத்தான்!

சீகன்பால்கு 1682 ஜூலை 10ல் ஜெர்மனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். ஹாலே நகரில் படித்தார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அவரையும், நண்பர் புளுட்சோவையும் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9ல் கரை இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது!

ஊர் மக்கள் பேசியது ஒன்றும் புரியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? வயதான ஓர் ஆசிரியரை அழைத்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அழகப்பன் என்பவரிடம் பேச்சுத் தமிழும் கற்றார். தேடித்தேடி ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார். 1708ல் 119 தமிழ் நூல்களுக்குப் பட்டியலே தயாரித்துவிட்டார். அதில் நம் திருக்குறளும் உண்டு!

பெண்கள் படிப்பது அரிதாக இருந்த அந்தக் காலத்தில், 1707லேயே பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கினார்.

கோட்டையின் தளபதி ஹாசியசுக்கோ அவரைப் பிடிக்கவில்லை. கடன் வழக்கு ஒன்றில் ஏழை விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியதும், தளபதிக்குக் கோபம் தலைக்கேறியது. 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள் சிறை வைத்தார். நான்கு மாதம் தனிமைச் சிறை! விடுதலையானதும் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டாரா? இல்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி வேலையைத் தொடங்கினார்.

அடுத்த கனவு அச்சகம். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் கொண்டு வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தனர். உடன் வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். 1712ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால், அவை மிகப் பெரியவை, காகிதமோ குறைவு. சோர்ந்து போகாமல், பாலாடைக்கட்டி டின்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தனர். பொறையாறில் காகிதப் பட்டறையும் அமைத்தனர். 1715ல் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது.

தமிழில் இதுதான் முதல் அச்சுப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால், பின்னர் அந்த முயற்சி நின்றுபோயிருந்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது தரங்கம்பாடி.

1718ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. மறு ஆண்டு பிப்ரவரி 23ல், 36 வயதிலேயே இறந்த அவர், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கோட்டை என்ன ஆனது? 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். சுதந்திரத்துக்குப் பிறகு கோட்டை பயணியர் விடுதியாக இருந்தது. 1978ல் தமிழகத் தொல்லியல் துறை ஏற்றது. இன்று அது அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் காற்று வாங்கிப் படம் எடுக்கும் இடம்.

குட்டீஸ், லீவில் அங்கே போனால் நீங்களும் படம் எடுங்கள். அப்படியே, கடற்கரை மணலில் விரலால் ஓர் 'அ' எழுதிப் பாருங்கள். 24 வயதில் அதே எழுத்தை உங்களைப் போன்ற பிள்ளைகளோடு எழுதிப் பழகியவர் நினைவுக்கு வருவார்!