லாவரன் பார்த்த வால்கள்

மலேரியா என்றால் கொசுவும் ரொனால்ட் ராஸும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ராஸுக்கு முன்னாடியே அந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்த ஒருத்தர் உண்டு. அவர்தான் அல்போன்ஸ் லாவரன் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர்.

1845-ல் பாரிசில் பிறந்தார். அப்பாவும் ராணுவ டாக்டர்தான். 1878-ல் இவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியாக் காய்ச்சலில் சிப்பாய்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

1880 நவம்பர் 6. கான்ஸ்டன்டைன் நகர ராணுவ ஆஸ்பத்திரி. ஒரு சிப்பாயின் ரத்தத்தை, சாயம்கூடப் போடாமல், மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கறுப்புப் பொடி தூவின மாதிரி ஓர் உருண்டை. அதன் ஓரத்தில் மெல்லிய வால்கள் முளைத்து, சாட்டை மாதிரி துடித்துப் பக்கத்துச் சிவப்பணுக்களை இடித்தன. இது உயிருள்ள பிராணிதான் என்று அவருக்குப் புரிந்துபோச்சு!

ஆனா யார் நம்பினாங்க? மண்ணிலிருக்கும் பாக்டீரியாதான் காரணம் என்று இத்தாலியில் சாதித்தார்கள். மனிதர் விடவில்லை. 192 நோயாளிகளைச் சோதித்து 148 பேரிடம் கண்டார். 1882-ல் ரோமுக்கே போய் அங்குள்ளவர்களின் ரத்தத்திலும் அதையே பார்த்தார். 1884-ல் பாஸ்டரே நேரில் பார்த்து ஒத்துக்கொண்டார்.

சரி, அந்த வால்கள் என்ன? ஒட்டுண்ணியின் ஆண் அணுக்கள். ரத்தம் கொசுவின் வயிற்றுக்குள் போனதும் சூடு குறையும். அதை அடையாளமாக வைத்து ஆண் செல் தன் டிஎன்ஏவை மூன்று தடவை நகலெடுக்கும். ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டாகும். எட்டு வால்கள் கிளம்பும். ஒரு நகலில் சுமார் 2.3 கோடி எழுத்துக்கள். இத்தனையும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில், நாம டீ குடிச்சிட்டு லேபுக்குத் திரும்புறதுக்குள்ள முடிஞ்சிடும்! லாவரனின் கண்ணாடியில் ரத்தம் ஆறியதும், கொசுவுக்குள் வந்துவிட்டோம் என்று அது ஏமாந்திருக்கிறது.

கொசுவுக்குள் இந்த வால் பெண் அணுவோடு சேரும்போது இரண்டு ஒட்டுண்ணிகளின் மரபணுக்கள் கலந்து புதுச் சேர்க்கைகள் பிறக்கும். நகலெடுப்பதில் விழும் பிழைகளில் ஒன்று மருந்தைத் தாங்க உதவினால், அது நிலைத்துப் பரவும். 1950-களின் கடைசியில் தாய்லாந்து எல்லைப் பக்கம் குளோரோகுயின் தோற்க ஆரம்பித்தது இப்படித்தான். அதற்கு முக்கியக் காரணமான மரபணுவை 2000-ல்தான் பிடித்தார்கள்.

1907-ல் லாவரனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பணத்தில் பாதியை பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கக் கொடுத்துவிட்டார். 1922-ல் காலமானார். மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று சோதனையில் தெரிய இன்னும் 22 வருஷம் இருந்தது.