சிரிக்க வைத்தவர் பயமுறுத்த வந்தபோது... மெஹ்மூதின் 'பூத் பங்களா' எங்கே சறுக்கியது?

பிரியதர்ஷன் - அக்‌ஷய் குமார் கூட்டணியில் 'பூத் பங்களா' என்றொரு படம் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. காமெடி டைரக்டர், பேய் பங்களா... நல்ல காம்போதான். ஆனா இந்தப் பெயரும் சரி, இந்த முயற்சியும் சரி, இந்தி சினிமாவுக்குப் புதுசு இல்லை.

1965-லேயே இதே பெயரில் ஒரு படம் வந்தது. எடுத்தவர் அன்றைக்கு இந்தி சினிமாவின் முன்னணி காமெடியன் மெஹ்மூத். இயக்குநராக அவருக்கு அதுதான் முதல் படம். சிரிப்பு, பாட்டு, கொலை, பேய் பயம் எல்லாம் இருந்தும் திரில்லராக அது ஏன் பாதி தூரம்தான் போனது? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் ஓரளவு பதில் கிடைக்கும்.

யார் இந்த மெஹ்மூத்?

பாடகர் லக்கி அலியின் அப்பா என்றால் 90ஸ் கிட்ஸுக்குச் சட்டென்று புரியும். 1932 செப்டம்பர் 29-ல் பம்பாயில் பிறந்தார். அப்பா மும்தாஜ் அலி நடிகர், நடனக் கலைஞர். எட்டுப் பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம்.

1943-ல் வந்த 'கிஸ்மத்' படத்தில் சின்ன வயது அசோக் குமாராக நடித்தார். ஆனா அந்த அறிமுகம் சோறு போடவில்லை. சினிமாக்காரர்களுக்கு கார் ஓட்டினார். நடிகை மீனா குமாரிக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். பிறகு மீனா குமாரியின் தங்கை மதுவையே திருமணம் செய்துகொண்டார்.

1953-ல் வந்த 'தோ பிகா ஜமீன்' போன்ற படங்களில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்கிற மாதிரி வேடங்கள். பேர் சொல்லும்படி அமைந்த முதல் வேடங்களில் ஒன்று 1956-ல் ராஜ் கோஸ்லா இயக்கிய 'சி.ஐ.டி.'. பக்கா கிரைம் திரில்லர். அதில் மெஹ்மூத் காமெடியன் இல்லை, கொலைகாரன்! ஆக, பயமுறுத்துகிற வேலை அவருக்குத் தெரியாத வேலை இல்லை.

'பூத் பங்களா'வில் என்ன இருந்தது?

காமெடியில் கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்ததும், 1961-ல் 'சோட்டே நவாப்' படத்தைத் தயாரித்தார். இசைக்கு முதலில் அணுகியது எஸ்.டி.பர்மனை. அது நடக்காததால் அவர் மகன் ஆர்.டி.பர்மனுக்கு வாய்ப்பு போனது. இசையமைப்பாளராக ஆர்.டி.பர்மனின் முதல் படம் அதுதான்.

நாலு வருஷம் கழித்து 'பூத் பங்களா'. இதில் ஆர்.டி.பர்மனை இசையமைக்கவும் வைத்தார், மெஹ்மூதின் நண்பனாக நடிக்கவும் வைத்தார். ஒரு பாழடைந்த பங்களா, அதைச் சுற்றி ஒரு குடும்பத்தில் விழும் கொலைகள், அந்தக் குடும்பத்துப் பெண்ணாக தனுஜா. கொலை செய்வது பேயா, மனுஷனா? கேள்வி நல்ல கேள்விதான்.

சிக்கல் எங்கே என்றால், படத்தை இயக்கியவரும் அவர்தான், ஹீரோவும் அவர்தான், காமெடியனும் அவர்தான். இளைஞர் கிளப், பாட்டுப் போட்டி, ட்விஸ்ட் நடனம் எனக் கதை அடிக்கடி பங்களாவை விட்டு வெளியே வந்துவிடுகிறது. உள்ளே போனாலும் எலும்புக்கூடுகளோடு ஆட்டம் பாட்டம். பயம் சேர்ந்துகொண்டே வரும்போது ஒரு ஜோக் விழும். சேர்ந்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

பாட்டுகள் நின்றன. ட்விஸ்ட் பாட்டு இன்றைக்கும் பழைய பாட்டு லிஸ்ட்டில் வரும். கொலையாளி யார் என்பதுதான் பலருக்கு ஞாபகம் இருக்காது.

அதே வருஷம், அதே மெஹ்மூத்

1965-லேயே ராஜா நவாதே இயக்கத்தில் 'கும்நாம்' வந்தது. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றைத் தழுவிய கதை. ஆள் அரவமில்லாத மாளிகையில் மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அங்கே லுங்கியும் ஹைதராபாத் பேச்சுமாக பட்லர் வேடத்தில் மெஹ்மூத் அதகளம் பண்ணினார். அந்தச் சிரிப்பு படத்தைக் கெடுக்கவில்லை. காரணம், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தணும் என்று முடிவு பண்ணியது வேறொருவர்.

அடுத்த வருஷம் விஜய் ஆனந்த் இயக்கிய 'தீஸ்ரி மன்ஸில்' வந்தது. அதுவும் கொலை மர்மம், அதுவும் ஆர்.டி.பர்மன் பாட்டு. அங்கே பாட்டு, காமெடி, சஸ்பென்ஸ் மூன்றும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நடந்தன.

நாகேஷ் காட்டிய வழி

இதற்கு விடை நம்ம ஊர் படத்திலேயே இருக்கிறது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ், பாலையாவிடம் திகில் கதை சொல்வாரே, அந்த சீன். அதை ஸ்ரீதரே 1966-ல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். தமிழும் உருதுவும் ஒரே தெருவில் கேட்கிற ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்காரர்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டு ரசிப்பது சுலபம்.

அந்த சீனில் பேயும் இல்லை, பங்களாவும் இல்லை. வாயால் போடும் சத்தம் மட்டும்தான். ஆனா கதை சொல்பவர் ஒரு நொடிகூட சிரிப்பதில்லை, கேட்பவர் நிஜமாகவே நடுங்குகிறார். ஒருத்தர் உண்மையா பயந்தால்தான் நமக்குச் சிரிப்பு வரும். 'பூத் பங்களா'வில் யாரும் அவ்வளவு நேரம் பயந்தபடி இருப்பதில்லை. அந்த 'பியார் கியே ஜா' நடிப்புக்காக மெஹ்மூதுக்குப் பிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

தமிழோடு அவர் உறவு அதோடு முடியவில்லை. 'சர்வர் சுந்தரம்' இந்திக்குப் போனபோதும் (1971) நாகேஷ் வேடம் அவருக்குத்தான். 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யைத் தழுவிய 'பம்பாய் டு கோவா'வில் (1972) அமிதாப் பச்சனை ஹீரோ ஆக்கினார். அதே ஆள்தான் 'படோசன்' (1968) படத்தில் தமிழ் பாட்டு வாத்தியாரைக் கேலிச்சித்திரமாகக் காட்டினார். அந்த வருத்தம் நம்மில் பலருக்கு இன்னும் உண்டு.

கடைசியில் எது கைகொடுத்தது?

1974-ல் 'குன்வாரா பாப்' எடுத்தார். போலியோ பாதித்த குழந்தையை வளர்க்கும் ரிக்‌ஷாக்காரர் கதை. மெஹ்மூதின் மகன் மேக்கி அலிக்கே போலியோ இருந்தது. அவரையே படத்திலும் நடிக்க வைத்தார். இங்கேயும் ஜோக் உண்டு. ஆனா அந்த அப்பாவின் வலியை ஜோக் அடித்துக் கலைக்கவில்லை. பயத்தைக் காப்பாற்றத் தெரியாத இயக்குநர், துக்கத்தைக் காப்பாற்றினார். அது அவர் வீட்டிலேயே இருந்த துக்கம்.

1996-ல் மகன் மன்சூர் அலியை வைத்து இயக்கிய 'துஷ்மன் துனியா கா' எடுபடவில்லை. இதய நோயால் அவதிப்பட்டவர், 2004 ஜூலை 23-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 71.

வார இறுதியில் நேரம் இருந்தால், 'பியார் கியே ஜா'வின் அந்த ஒரு சீனைப் பார்த்துவிட்டு 'பூத் பங்களா'வைப் போடுங்க. ஒரே ஆள், ஒரு வருஷ இடைவெளி. வித்தியாசம் தானாகத் தெரியும்.