காற்றின் வருகையைச் சொன்னவர்

ஆற்றில் பாய்மரப் படகு செலுத்தச் செல்பவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படும் முன் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். இன்று காற்று எந்தத் திசையிலிருந்து வீசும்? எவ்வளவு வேகமாக வீசும்? பிற்பகலில் இடிமழை வருமா? இக்கேள்விகளுக்கு நொடிப்பொழுதில் விடை கிடைத்துவிடுகிறது. மீன்பிடிக்கச் செல்பவரும் விமானம் ஓட்டுபவரும் பள்ளிக்குக் குடை எடுத்துச் செல்லலாமா என்று யோசிக்கும் மாணவரும் அதே தகவலைத்தான் நாடுகிறார்கள். ஆனால், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பு, நாளைய வானிலையை இன்றே சொல்ல முடியும் என்று கூறியவரைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சாமல், நாள்தோறும் வானிலையை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் ராபர்ட் பிட்ஸ்ராய்.

பிட்ஸ்ராய் 1805 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் இங்கிலாந்தின் சபோக் பகுதியில் செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே போர்ட்ஸ்மத் நகரில் இருந்த கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலும் கப்பலோட்டும் கலையிலும் ஆழ்ந்த ஆர்வம் கொண்ட அவர், கடற்படை அதிகாரிக்கான தேர்வில் முழு மதிப்பெண்கள் பெற்று அனைவரையும் வியக்கவைத்தார். 1828 ஆம் ஆண்டில், 23 வயதே ஆன நிலையில், தென் அமெரிக்கக் கரையோரத்தை அளந்து வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்த 'பீகிள்' என்னும் கப்பலின் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே அவர் வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1829 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், பிளாட்டா ஆறு கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தின் அருகே பீகிள் சென்றுகொண்டிருந்தது. கப்பலில் இருந்த காற்றழுத்தமானியின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. காற்றழுத்தம் விரைவாகக் குறைந்தால் பலத்த காற்று வரக்கூடும் என்பதை மாலுமிகள் ஓரளவு அறிந்திருந்தனர். ஆயினும், இளம் தலைவரான பிட்ஸ்ராய் அந்த அறிகுறிக்கு உரிய மதிப்பு அளிக்கவில்லை. சற்று நேரத்தில், அந்நாட்டுப் புல்வெளிகளிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் 'பம்பேரோ' என்னும் சூறைக்காற்று கப்பலைத் தாக்கியது. பாய்மரங்கள் முறிந்தன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்களைச் சுருட்ட மேலே ஏறியிருந்த மாலுமிகளுள் இருவர் கடலில் வீசப்பட்டு மாண்டனர்.

கப்பல் தப்பியது. ஆனால், பிட்ஸ்ராயின் மனம் அமைதி அடையவில்லை. கருவி முன்கூட்டியே எச்சரித்தும் தாம் கவனிக்கத் தவறியதால் இரண்டு உயிர்கள் போய்விட்டன என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அன்றுமுதல் காற்றழுத்தமானியைப் பார்க்காமல் அவர் எந்த முடிவும் எடுத்ததில்லை.

1831 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள் பீகிள் மீண்டும் பயணம் புறப்பட்டது. அதில் இடம்பெற்ற இளைஞர் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ்பெற்றார். அவர்தான் இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் பிட்ஸ்ராய் நுட்பமான கடல் வரைபடங்களைத் தயாரித்தார். காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை எண்களால் குறிக்கும் பியூபோர்ட் அளவுகோலையும் அப்பயணத்தில் முறையாகப் பயன்படுத்தினார். அளவைப் பணி விரைவாக முடியவேண்டும் என்பதற்காகத் தம் சொந்தப் பணத்தில் இன்னொரு கப்பலையும் வாங்கினார். அப்பணத்தை அரசு அவருக்குத் திருப்பித் தரவில்லை. கடமைக்காகக் கைப்பொருளைச் செலவிடும் இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை தொடர்ந்தது.

நாடு திரும்பிய பிட்ஸ்ராய் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் 1843 ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அங்கு நிலத்துக்காக ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் மாவோரி மக்களுக்கும் மோதல் நடந்திருந்தது. அதில் குடியேறிகள்மீதே தவறு என்று அவர் முடிவு கூறினார். அதனால் அவர்கள் சினம் கொண்டனர். வேறு சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, இரண்டே ஆண்டுகளில் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

1854 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு வானிலைத் தகவல்களைத் திரட்ட ஒரு சிறிய துறையை உருவாக்கியது. அதன் தலைவராகப் பிட்ஸ்ராய் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாக மூன்று பேர் மட்டுமே இருந்தனர். கப்பல் தலைவர்களுக்குக் கருவிகளைக் கொடுப்பதும், அவர்கள் எழுதிவரும் காற்று, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றின் குறிப்புகளைத் தொகுப்பதுமே அத்துறையின் வேலை. வருங்கால வானிலையைச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லப்போனால், அதே ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், லண்டனின் வானிலையை 24 மணி நேரத்திற்கு முன்பே அறியும் காலம் வரலாம் என்று பேசியபோது அவையில் சிரிப்பொலி எழுந்தது.

பிட்ஸ்ராய்க்கு அது சிரிக்கும் செய்தியாகத் தோன்றவில்லை. கரையோரங்களில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ ஏழை மீனவர்கள் புயலில் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. ஆகவே, மீன்பிடிச் சிற்றூர்களின் துறைமுகங்களில் அனைவரும் பார்க்கும்படி காற்றழுத்தமானிகளை வைக்க அவர் ஏற்பாடு செய்தார். அளவு ஏறினால் என்ன பொருள், இறங்கினால் என்ன பொருள் என்பதை எளிய சொற்களில் எழுதியும் கொடுத்தார்.

1859 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் இரவு பெரும்புயல் ஒன்று பிரிட்டனைத் தாக்கியது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து லிவர்பூல் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. தங்கச் சுரங்கங்களில் பாடுபட்டுச் சேர்த்த செல்வத்துடன் ஊர் திரும்பிய பலர் அதில் இருந்தனர். கரை மிக அருகில் இருந்தும் சுமார் 450 பேர் உயிரிழந்தனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் 133 கப்பல்கள் மூழ்கின. ஏறக்குறைய 800 பேர் மாண்டனர்.

பல இடங்களில் பதிவான காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் திரட்டி, பிட்ஸ்ராய் அப்புயலின் பாதையை வரைபடமாக வரைந்தார். குளிர்ந்த காற்றும் வெப்பமான காற்றும் சந்திக்கும் இடத்தில் புயல் உருவாகி நகர்வதை அவர் கண்டார். புயல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல மணிக்கணக்கில் ஆகிறது. ஆனால், அப்போது புதிதாகப் பரவிவந்த தந்தியோ நொடியில் செய்தியைக் கொண்டுசேர்க்கும். அப்படியானால், புயல் வரும் முன்பே எச்சரிக்கை போய்ச்சேர வழி உண்டு அல்லவா?

இந்த எண்ணத்திலிருந்து புயல் எச்சரிக்கைத் திட்டம் பிறந்தது. கரையோர நிலையங்களிலிருந்து தினமும் காலையில் வானிலைச் செய்திகள் தந்திமூலம் லண்டனுக்கு வந்தன. பிட்ஸ்ராய் அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆபத்து தெரிந்தால் உடனே துறைமுகங்களுக்குத் தந்தி பறந்தது. அங்குள்ள உயர்ந்த கம்பத்தில் பெரிய கூம்பு ஏற்றப்பட்டது. கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து கடுங்காற்று வரும். கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து வரும். காற்று திசை மாறி மாறி வீசும் என்றால் உருளை வடிவ அடையாளம் ஏற்றப்பட்டது. இரவில் விளக்குகள் அதே செய்தியைக் காட்டின. எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். முதல் எச்சரிக்கை 1861 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியிடப்பட்டது.

பிட்ஸ்ராய் அத்துடன் நிற்கவில்லை. காலையில் வரும் செய்திகளைக்கொண்டு அடுத்த இரண்டு நாள்களின் காற்றையும் வானிலையையும் ஏன் எல்லாருக்கும் சொல்லக்கூடாது என்று சிந்தித்தார். 1861 ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 ஆம் நாள், லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழில் அவருடைய முதல் பொது அறிவிப்பு வெளிவந்தது. நாட்டின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளில் எந்தத் திசைக் காற்று வீசும், வானம் எப்படி இருக்கும் என்பதைச் சில சொற்களில் அது கூறியது. தம் அறிவிப்பு சோதிடமும் அன்று, தீர்க்கதரிசனமும் அன்று. கணக்கிட்டு ஆராய்ந்து கூறும் கருத்து மட்டுமே என்பதை அவர் வலியுறுத்தினார். அதற்காகவே 'போர்காஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நாம் அதை முன்னறிவிப்பு என்கிறோம்.

மக்கள் அந்த அறிவிப்புகளை ஆவலுடன் படித்தனர். ஆனால், அக்காலத்தில் வானத்தை நோக்கும் செயற்கைக்கோள் இல்லை, கணினியும் இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் உருவாகும் காற்றைப் பற்றிச் சொல்ல ஆளும் இல்லை. ஆகவே, சில அறிவிப்புகள் பொய்த்தன. பத்து முறை சரியாகச் சொன்னதை மறந்தவர்கள், ஒருமுறை தவறியதை நினைவில் வைத்துக் கேலி செய்தனர். அவருடைய முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அறிஞர் சிலர் குறைகூறினர். எச்சரிக்கைக் கூம்பைக் கண்டு படகுகள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டதால், வருமானம் குறைகிறது என்று படகு உரிமையாளர்களும் முணுமுணுத்தனர்.

இடைவிடாத உழைப்பு பிட்ஸ்ராயின் உடல்நலத்தைக் கெடுத்தது. செவித்திறன் குறைந்தது, கைப்பொருளும் கரைந்தது. நீண்ட நாள்களாகவே அவரை வாட்டிவந்த மனச்சோர்வு மேலும் முற்றியது. மனச்சோர்வும் ஒரு நோய், அதற்கு உதவி நாடலாம் என்ற தெளிவு அக்காலத்தில் இல்லை. 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள், தமது 59 ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினருக்கு அவர் விட்டுச்சென்றது கடன்தான். அவர்களுக்கு உதவ நண்பர்கள் நிதி திரட்டியபோது, கருத்து வேறுபாடுகளை மறந்து டார்வினும் 100 பவுண்டு வழங்கினார்.

அவர் மறைந்த மறு ஆண்டிலேயே ஒரு குழுவின் பரிந்துரைப்படி நாள்தோறும் வெளியான முன்னறிவிப்பும் புயல் எச்சரிக்கையும் நிறுத்தப்பட்டன. அப்போதுதான் அவற்றின் அருமை பலருக்குப் புரிந்தது. கம்பத்தில் கூம்பு ஏறாததைக் கண்ட கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதனால் 1867 ஆம் ஆண்டில் புயல் எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1879 ஆம் ஆண்டில் மறுபடியும் வெளிவந்தது.

பிட்ஸ்ராய் தொடங்கிய அந்தச் சிறிய துறை இன்று பிரிட்டனின் தேசிய வானிலை நிலையமாக வளர்ந்துள்ளது. 2002 ஆம் ஆண்டில், கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பில் இடம்பெறும் கடற்பகுதி ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. தம் தவற்றால் இழந்த இரண்டு மாலுமிகளை மறக்காத ஒருவரின் பெயர், இன்றும் கடலோடிகளின் காதுகளில் ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் வட்டாரக் கடல்களுக்கு விடுக்கப்படும் பலத்த காற்று எச்சரிக்கையைக் கேட்கும்போது நாமும் அவரை நினைவுகூர்வோம்.