இசைக் கடல் கடைந்த ஆபிரகாம் பண்டிதர்

தாராசுரம் ஐராவதேசுவரர் ஆலயத்திற்குச் செல்வோர், நந்தியின் அருகேயுள்ள கற்படிகளைக் காணாமல் திரும்புவதில்லை. தட்டினால் இனிய ஒலி எழுப்பும் படிகள் அவை. இன்று கம்பிக் கதவுக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளன. கல்லிலும் இசையைக் கண்ட இம்மண்ணிலே, நமக்கு அண்மையிலுள்ள தஞ்சையிலே, சுரங்களின் கணக்கை ஆராய்வதற்கென்றே தம் பொருளையும் உழைப்பையும் செலவிட்டார் ஒருவர். அவரே ஆபிரகாம் பண்டிதர்.

அவர் 1859 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, சடையாண்டி என்பவரிடம் வயலின் பயின்றார். வயலின் மேல்நாட்டுக் கருவி. ஆயினும் நம் வித்துவான்கள் அதைத் தரையில் அமர்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் இடையே வைத்து வாசித்து நம்முடையதாக்கிக் கொண்டார்கள். பின்னர் தஞ்சையில் குடியேறிய பண்டிதர், மேல்நாட்டு இசையையும் முறையாகக் கற்றார்.

சித்த மருத்துவமே அவருக்குச் செல்வம் தந்தது. அச்செல்வத்தை அவர் இசைக்கே வாரி வழங்கினார். 1912 இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே தஞ்சையில் இசை மாநாடுகளை நடத்தினார். இசைப் பயிற்சி பெரும்பாலும் பிறமொழிப் பாடல்களால் நடந்த காலத்தில், மாணவர்களுக்கெனத் தமிழில் கீதங்கள் இயற்றினார்.

ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் என்பதே அவரை உறங்கவிடாத கேள்வி. இருபத்திரண்டு என்றன வடமொழி நூல்கள். நம் வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள். பியானோவிலும் வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள். இவ்விரண்டையும் அறிந்த பண்டிதர், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவி ஆராய்ந்து, சுருதிகள் இருபத்து நான்கே எனக் கணக்கிட்டுக் காட்டினார்.

1916 இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பண்டிதர் தம் கொள்கையை அங்கே எடுத்துரைத்தார். அதை வீணையில் மெய்ப்பித்துக் காட்ட அவர் அழைத்துச் சென்றது யாரை? தம் புதல்வியர் மரகதவல்லி, கனகவல்லி என்னும் இருவரையே! பெண்கள் சபையேறத் தயங்கிய அந்நாளில், நாடெங்கிலுமிருந்து வந்த பண்டிதர்கள் முன்னிலையில் அவர்கள் வீணையை மீட்டினார்கள். தந்தையின் பல்லாண்டு உழைப்பு அன்று அவர்கள் விரல்களில் இருந்தது. இதை நினைக்கும்போது நம் நெஞ்சம் பூரிக்கிறது.

அவர் கணக்கை அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அவர் சோர்ந்து விடவில்லை. 1917 இல் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். தமிழிசையின் பழமையை நிலைநாட்ட முற்பட்ட அந்நூல், பின்னர் எழுந்த தமிழிசை இயக்கத்திற்கு வழிகாட்டியாயிற்று. 1919 ஆகஸ்டு 31 அன்று அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். நூலின் இரண்டாம் பகுதி அதன் பின்னரே அச்சேறியது.

பிறர் இசையைக் கற்றால் நம் இசை கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பண்டிதரோ இரண்டையும் கற்றார். அதனாலேயே நம்முடையதன் அருமையை மேலும் தெளிவாக உணர்ந்தார். ஆலயத்தில் ஆர்கனுடன் பாடும் நாம், அண்டை வீட்டிலிருந்து வரும் வீணையொலிக்கும் செவிசாய்ப்போம். இறைவன் தந்த திறமையைப் புதைத்து வைக்காமல் பெருக்குவோமாக!