கண் தெரியாமல் கட்டம் போட்டவர்



பேப்பரில் சுடோகு வந்தால் பென்சிலோடு முதலில் ஓடுகிறவர்களில் நானும் ஒருத்தி. நட்சத்திரம் ஒன்று, இரண்டு என்றால் சும்மா ஊதித் தள்ளிவிடலாம். 'மிகக் கடினம்' என்று போட்டிருந்தால்தான் பாதியில் நின்றுவிடும். அப்போது கைகொடுக்கிற வழி ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வழிக்கு அடிப்படையான விதியை 240 வருஷங்களுக்கு முன்பே ஆராய்ந்தவரைப் பற்றிப் படித்ததும், அவரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவர் பெயர் லெயோனார்டு ஆய்லர். 1707 ஏப்ரல் 15-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். மகனும் அப்படியே ஆகட்டும் என்று நினைத்தார். பையனோ 13 வயதிலேயே பல்கலைக்கழகம் போய்விட்டான்! அங்கே யோகான் பெர்னூலி என்ற பெரிய கணித மேதை சனிக்கிழமை மதியங்களில் அவனுடைய சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார். நமக்கு சனிக்கிழமை மதியம் என்றால் கிரிக்கெட்.

20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு வேலைக்குப் போனார். 1741-இல் பெர்லின், 1766-இல் மறுபடியும் ரஷ்யா. வட்டக் கணக்கில் நாம் எழுதும் 'பை' குறியீட்டை உலகம் முழுக்கப் பரப்பியவர் இவர்தான். 13 பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் ஆனவர்கள் 5 பேர்தான்.

1738-இல் வலது கண் பார்வை போயிற்று. ரஷ்யாவுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் இடது கண்ணிலும் புரை. 1771-இல் ஊரில் பெரிய தீ விபத்து. வீடே எரிந்தது. பாசெல்காரர் ஒருவர் உள்ளே ஓடி, அவரைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றினார். அதே வருஷம் கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் போய்விட்டது.

அப்புறம்தான் எனக்கு ஆச்சரியம். மனிதர் ஓயவில்லை! மனசுக்குள் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல, மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள். அவர் எழுதிய 850-க்கும் மேற்பட்ட நூல், கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி இந்தக் கடைசிக் காலத்தில் வந்தவை. அதில் ஒன்றுதான் 1779-இல் கழகத்தில் வைத்து, 1782-இல் அச்சான கட்டம் பற்றிய கட்டுரை.

அதில் வரும் புதிரை நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாற்றிச் சொல்கிறேன். 6, 7, 8 என்று மூன்று வகுப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பு, பச்சை, நீல அணிக்கு ஒருவர். மொத்தம் 9 பேர். மூன்று வரிசையாக நிற்க வேண்டும். எந்த வரிசையிலும், எந்த நெடுவரிசையிலும் வகுப்பும் திரும்ப வரக்கூடாது, நிறமும் திரும்ப வரக்கூடாது. இதோ:

6 சிவப்பு – 7 பச்சை – 8 நீலம்
7 நீலம் – 8 சிவப்பு – 6 பச்சை
8 பச்சை – 6 நீலம் – 7 சிவப்பு

ஆய்லர் கேட்டது 6 படைப்பிரிவு, 6 பதவி, 36 ராணுவ அதிகாரிகள். எவ்வளவோ முயன்றும் அமையவில்லை. முடியாது என்றே முடிவு செய்தார். வகுப்பை மட்டும் பாருங்க, நிறத்தை விடுங்க. வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒன்று இரண்டு தடவை வராத கட்டம்! இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். 9-க்கு 9 லத்தீன் சதுரத்தில், சின்ன 3-க்கு 3 பெட்டி விதியையும் சேர்த்தால் அதுதான் சுடோகு. அதைச் சேர்த்து 1979-இல் புதிராக வெளியிட்டது ஓர் அமெரிக்கப் பத்திரிகை. சுடோகு என்ற பெயர் பிறகு ஜப்பானில் வைத்தது.

இப்போ நான் சொன்ன வழி. பெயர் எக்ஸ்-விங். காலிக் கட்டங்களில் வரக்கூடிய எண்களைப் பென்சிலால் சின்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2-ஆம் வரிசையில் 5 என்ற எண், 3-ஆம் அல்லது 7-ஆம் நெடுவரிசையில் மட்டும்தான் வர முடியும் என்று வைப்போம். 6-ஆம் வரிசையிலும் அதே 3, அதே 7. மேலே 5 இடப்பக்கம் வந்தால் கீழே வலப்பக்கம்தான். மேலே வலது என்றால் கீழே இடது. எப்படி ஆனாலும் அந்த இரண்டு நெடுவரிசைகளின் 5-ம் இந்த நாலு மூலைக்குள் முடிந்துவிட்டது. அதனால் அந்த நெடுவரிசைகளில் மற்ற எல்லா இடத்திலும் 5-ஐ அழித்துவிடலாம். ஊகமே கிடையாது! அழித்த பிறகு, எங்காவது ஒரு கட்டத்தில் ஒரே எண் மிஞ்சி நிற்கலாம். அங்கிருந்து ஓட ஆரம்பிக்கலாம். இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை வைத்துச் செய்தால் அதற்கு வாள்மீன் என்று பெயர்.

கவனித்தீர்களா? இதில் 3-க்கு 3 பெட்டி விதி எங்குமே வரவில்லை. முழுக்க ஆய்லர் ஆராய்ந்த சதுரத்தின் விதிதான். 81 கட்டத்துக்கு நமக்குப் பென்சில் குறி வேண்டியிருக்கிறது. அவரோ அவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

1783 செப்டம்பர் 18. அன்றும் புதிதாகக் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, அன்றே காலமானார்.

36 அதிகாரிகள் விஷயத்தில் அவர் சொன்னது சரியே என்று 1901-க்குள் காஸ்தோன் தாரி என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்துவிட்டார். ஆனால் ஆய்லர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: 10, 14 என்று 4-ஆல் வகுத்தால் 2 மீதி வரும் எந்த எண்ணுக்கும் முடியாது என்று. அது தப்பு! 1959-இல் அமெரிக்காவில் இருந்த நம் நாட்டு ஆர்.சி. போஸ், அவருடைய மாணவர் எஸ்.எஸ். ஸ்ரீகண்டே இருவரும் 22-க்கு அமைத்துக் காட்டினார்கள். பார்க்கர் என்ற அமெரிக்கர் 10-க்கு அமைத்தார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே போட்டது. முடியாதவை 2-ம் 6-ம் மட்டும்தான் என்று மூவரும் சேர்ந்து நிரூபித்தார்கள்.

அந்த 6-ஐயும் 2022-இல் குவாண்டம் விதிப்படி, ஓர் அதிகாரியே பல பதவிகளின் கலவையாக இருக்கலாம் என்று வைத்து அமைத்துவிட்டார்கள். அந்தக் குழுவில் போலந்து நாட்டவரோடு நம்ம சென்னை ஐ.ஐ.டி.காரர்களும் இருந்தார்கள்.

4 வகுப்பு, 4 நிறம், 16 பேர் – இது முடியும். இன்டர்வெலில் போட்டுப் பாருங்க. விடை அடுத்த இதழில்!