குதிரைகளின் தோழி

வாயற்ற உயிர்கள் தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைக்க இயலாதவை. அவற்றின் துயர் நீங்க வேண்டுமாயின், அவற்றின் சார்பில் பேச ஒருவர் முன்வருதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் குதிரைகளுக்காக அவ்வாறு பேசியவர் அன்னா சூவெல் அம்மையார்.

இவர் 1820ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள், அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஐசக், தாயார் மேரி. அவர்கள் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமையும் இரக்கமும் அக்குடும்பத்தின் இரு கண்களாக விளங்கின. செல்வ வளம் இல்லாமையால் அன்னாவுக்கும் தம்பி பிலிப்புக்கும் தாயாரே வீட்டில் கல்வி கற்பித்தார். எவ்வுயிரையும் துன்புறுத்தலாகாது என்பது அவர்கள் இளமையிலேயே கற்ற பாடம்.

அன்னாவுக்குப் பதினான்கு வயது நடந்தபோது அவர் வாழ்வையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர் கால் வழுக்கி விழுந்தார். கணுக்கால்களில் கடுமையான அடிபட்டது. மருத்துவர் பலர் முயன்றும் அக்குறை தீரவில்லை. ஓடியாடித் திரிந்த சிறுமி, அதன்பின் ஊன்றுகோலின் துணையின்றி நடக்க இயலாதவரானார்.

கால்கள் செய்ய இயலாததைக் குதிரைகள் அவருக்குச் செய்தன. சிறு வண்டியொன்றில் அமர்ந்து, தந்தையாரைப் புகைவண்டி நிலையத்திற்குத் தாமே அழைத்துச் செல்வார். அவர் சாட்டையை நம்பவில்லை. நண்பரிடம் பேசுவதுபோலக் குதிரையிடம் அன்பாகப் பேசியே வண்டியைச் செலுத்துவார். தம் நோயைப் பெரிதாக எண்ணிச் சோர்ந்திருக்கவும் இல்லை. விக் என்னும் சிற்றூரில் வாழ்ந்தபோது, பகலெல்லாம் உழைத்துக் களைத்த தொழிலாளர்க்குத் தாயாருடன் சேர்ந்து மாலை வகுப்பு நடத்தி, எழுதவும் படிக்கவும் கற்பித்தார்.

அக்காலத்தில் நகரத் தெருக்களில் ஓடிய வண்டிகளையெல்லாம் குதிரைகளே இழுத்தன. அவை பட்ட துன்பம் பெரிது. குதிரையின் தலை எப்போதும் நிமிர்ந்திருந்தால்தான் வண்டிக்கு அழகு என்று செல்வர் பலர் கருதினர். அதற்காகக் குதிரையின் தலையைத் தாழ்த்தவொட்டாமல் இழுத்துப் பிடிக்கும் தோல்வார் ஒன்றைப் பூட்டினர். அதனால் கழுத்து வலித்தது; மூச்சுத் திணறியது. மேட்டில் ஏறும்போது தலையைத் தாழ்த்தி, உடலின் வலிமை முழுவதையும் செலுத்தி இழுக்கவும் குதிரையால் இயலவில்லை. வீண் பகட்டுக்காக நிகழ்ந்த இக்கொடுமை அம்மையாரின் உள்ளத்தை வருத்தியது.

1871ஆம் ஆண்டில் அவர் உடல்நிலை மிகவும் நலிந்தது. பெரும்பாலும் படுக்கையிலேயே நாட்களைக் கழிக்கலானார். அந்நிலையிலேதான் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். எழுதத் தெம்பில்லாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். சில வேளைகளில் அன்னா கரிக்கோலால் துண்டுத்தாள்களில் எழுதியவற்றைத் தாயார் படியெடுத்தார். இவ்வாறு ஆறு ஆண்டுகளில் அந்நூல் முற்றுப்பெற்றது. அதன் பெயர் ‘பிளாக் பியூட்டி’. கருநிற அழகன் என்று அதனைத் தமிழில் கூறலாம். ஒரு குதிரையே தன் வரலாற்றைக் கூறுவதாக அது அமைந்தது. குதிரைகளோடு நாளும் பழகும் வண்டியோட்டிகளும் லாயத்து வேலையாட்களும் அவற்றை அன்போடு நடத்தவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இளங்குதிரையைப் பழக்கும் முறையை அந்நூல் தெளிவாகக் காட்டுகிறது. கருநிற அழகனை அதன் தலைவரே பழக்குகிறார். முதன்முதல் கடிவாளம் பூட்டும்போது தானியம் ஊட்டித் தட்டிக்கொடுத்து இன்சொல் பேசுகிறார். சேணத்தையும் மெல்ல மெல்லவே ஏற்றுகிறார். பின்பு புகைவண்டிப் பாதையை அடுத்த புல்வெளியில் இரண்டு வாரம் அதனை மேயவிடுகிறார். முதல் வண்டியின் முழக்கம் கேட்டு அஞ்சி ஓடிய இளங்குதிரை, சில நாட்களில் அவ்வொலியைப் பொருட்படுத்தாமல் மேய்கிறது. ஜிஞ்சர் என்னும் மற்றொரு குதிரையின் கதையோ வேறு. ஆடவர் சிலர் அதனை மூலையில் மடக்கிப் பிடித்து, வாயை வலிந்து திறந்து, இரும்பைத் திணிக்கின்றனர், சாட்டையாலும் அடிக்கின்றனர். அதனால் அது மனிதரைக் கண்டாலே கடிக்கும் குதிரையாகிறது. அன்பு நம்பிக்கையை வளர்க்கும். அச்சம் பகையை வளர்க்கும் என்பதை இவ்விரு குதிரைகளும் உணர்த்துகின்றன.

1877ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நூல் வெளிவந்தது. அதன் புகழ் பெருகுவதைக் காண அம்மையார் நெடுநாள் வாழவில்லை. 1878ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 25ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்திற்கு வந்த வண்டியின் குதிரைகளுக்கும் தலையை நிமிர்த்தும் அந்த வார் பூட்டப்பட்டிருந்தது. மகளை இழந்த துயரிலும் தாயார் அதனைக் கண்டார். உடனே அவிழ்க்கச் செய்தார். தலையைத் தாழ்த்தி இயல்பாக நடந்த குதிரைகளே அன்னாவின் உடலைச் சுமந்து சென்றன.

அவர் எழுதிய நூல் அது ஒன்றே. ஆயினும் அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஏஞ்சல் என்பார் அதனை அச்சிட்டு, குதிரை வண்டியோட்டிகளின் கைகளிற் சேரச் செய்தார். அந்நூலைப் படித்தவர் பலர் அக்கொடிய வாரை வெறுத்தனர். நாளடைவில் அவ்வழக்கம் அருகி மறைந்தது.

தம் கால்களால் நடக்க இயலாத ஒருவர், தம்மைச் சுமந்த உயிர்களின் வலியை உணர்ந்தார். தமக்கு உற்ற துன்பத்தைப் பிற உயிர்களின் துன்பம் அறியும் கண்ணாக்கிக்கொண்ட அன்னா அம்மையாரின் வாழ்வு போற்றத்தக்கது.