ஊக்கமருந்தில் சிக்கவே இல்லை, ஆனாலும் சந்தேகம் ஏன்? ஃப்ளோ-ஜோவின் 10.49 விநாடி கதை

பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை 10.49 விநாடி. அது பதிவான நாள் 1988 ஜூலை 16. அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட இன்று ஓடி ஓய்வு பெற்றுவிட்டார்கள், சாதனை அப்படியேதான் இருக்கு. ஓடியவர் அமெரிக்காவின் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், சுருக்கமா ஃப்ளோ-ஜோ. அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. ஆனால் அவர் ஊக்கமருந்து எடுத்தாரா என்ற கேள்வி மட்டும் ஓயவே இல்லை.

யார் இவர்?

1959 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தார். 11 பிள்ளைகளில் ஏழாவது. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, வாட்ஸ் பகுதியில் அரசு கட்டிய குடியிருப்பில் வளர்ந்தார். அம்மா தையல் வேலை செய்தவர். பணக் கஷ்டத்தால் கல்லூரியைப் பாதியில் விட்டு வங்கி வேலைக்குப் போனார் புளோரன்ஸ். பயிற்சியாளர் பாப் கெர்சி உதவித்தொகைக்கு வழி செய்துதான் அவரைத் திரும்பக் கூட்டி வந்தார்.

1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெள்ளி. அதன் பிறகு ஓட்டத்தைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டு மறுபடியும் வங்கி வேலை, கூடவே முடி அலங்காரம், நக அலங்காரம். 1987 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் மீண்டும் வெள்ளி வென்றார். அதே ஆண்டு மும்முறை தாண்டுதல் ஒலிம்பிக் சாம்பியன் அல் ஜாய்னரைத் திருமணம் செய்தார்.

1988-ல் என்ன நடந்தது?

1987 வரை 100 மீட்டரில் அவருடைய சிறந்த நேரம் 10.96. அடுத்த வருஷம், 28 வயதில், 10.49. ஓட்டப்பந்தயத்தில் 0.1 விநாடி குறைப்பதே பெரிய விஷயம். இது அரை விநாடிக்குப் பக்கம்! அதுவரை இருந்த உலக சாதனை, ஈவ்லின் ஆஷ்ஃபோர்டின் 10.76.

சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம், 4x400-ல் வெள்ளி. 200 மீட்டரில் 21.34 என்ற உலக சாதனையும் வந்தது. நீண்ட வண்ண நகங்களோடும், தானே வடிவமைத்த உடைகளோடும் களத்துக்கு வந்தவரை உலகமே திரும்பிப் பார்த்தது.

சந்தேகம் எங்கே ஆரம்பித்தது?

அதே சோலில் ஆண்கள் 100 மீட்டர் தங்கம் வென்ற கனடாவின் பென் ஜான்சன், ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு எடுத்தது சோதனையில் தெரிந்தது. பதக்கம் பறிபோனது, இரண்டு ஆண்டு தடை. 1993-ல் மறுபடியும் சிக்கி வாழ்நாள் தடை வாங்கினார். அவர் சிக்கியதுமே மற்ற வேகங்கள் மீதும் எல்லார் கண்ணும் திரும்பியது.

ஆனால் ஃப்ளோ-ஜோ எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. ஒரு நாள்கூட தடையும் இல்லை. வளர்ச்சி ஹார்மோன் விற்றதாக 1989-ல் முன்னாள் சக வீரர் ஒருவர் சொன்னதை அவர் அடியோடு மறுத்தார். அது நிரூபணமும் ஆகவில்லை.

அப்போ பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை. அன்றைய சோதனைகள் பெரும்பாலும் போட்டி நாளில்தான் நடந்தன. பயிற்சி மாதங்களில் ஸ்டீராய்டு எடுத்துவிட்டு முன்கூட்டியே நிறுத்தியவர்கள் தப்பிக்க முடியும். வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒலிம்பிக்கில் சோதனை வந்ததே 2004-ல்தான். சோலுக்குப் பிறகு, முன்னறிவிப்பில்லாத சோதனைகள் கடுமையாகும் நேரத்தில், 1989 பிப்ரவரியில் அவர் ஓய்வு அறிவித்ததும் பேச்சைக் கிளப்பியது. எழுத்து, நடிப்பு, தொழில் என வாய்ப்புகள் குவிந்திருந்தன என்பதும் உண்மைதான்.

காற்றா, மருந்தா?

பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 10.49 மீதுள்ள வலுவான கேள்வி மருந்து பற்றியதே அல்ல, காற்று பற்றியது. பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. இண்டியானாபொலிஸில் அந்தக் காலிறுதியில் காற்றுமானி காட்டியது 0.0. அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறை தாண்டுதலில் பதிவானது 4.3. கருவி அந்த நேரத்தில் சரியாக வேலை செய்யவில்லை என்று பின்னாளில் ஆய்வு செய்த இயற்பியலாளர்கள் கருதினார்கள். சாதனை மட்டும் ரத்தாகவில்லை.

சரி, அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டால்? மறுநாள் இறுதிப் போட்டியில், விதிக்கு உட்பட்ட காற்றில், 10.61 ஓடினார். 2021-ல் ஜமைக்காவின் எலைன் தாம்ப்சன்-ஹெரா 10.54 ஓடும்வரை அதை யாரும் முந்தவில்லை. 21.34-க்கோ காற்றுச் சிக்கலே கிடையாது.

38 வயதில் மரணம்

1998 செப்டம்பர் 21 அன்று கலிஃபோர்னியாவில் தூக்கத்திலேயே இறந்தார். மகளுக்கு அப்போது 7 வயது. மருந்துதான் காரணம் என்ற வதந்தி உடனே பரவியது. பிரேதப் பரிசோதனை சொன்னது வேறு: மூளை ரத்தநாளத்தில் பிறவிக் கோளாறு, அதனால் வந்த வலிப்பில் மூச்சுத் திணறல். 1996-லும் விமானப் பயணத்தில் ஒருமுறை அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது.

2005-க்கு முந்தைய சாதனைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஐரோப்பிய தடகளச் சங்கம் 2017-ல் ஒரு யோசனையை முன்வைத்தது. அது நடந்திருந்தால் ஃப்ளோ-ஜோ பெயரும் போயிருக்கும். நடக்கவில்லை.

பென் ஜான்சன் விஷயத்தில் ஆதாரம் இருந்தது, தீர்ப்பும் வந்தது. ஃப்ளோ-ஜோ விஷயத்தில் இருப்பது வேகமும் சந்தேகமும் மட்டும்தான். ஓட்டையுள்ள சோதனைமுறையால் குற்றவாளிகள் தப்பிக்கலாம். அதைவிடக் கொடுமை, நேர்மையாக ஓடியவராலும் அதை நிரூபிக்க முடியாமல் போவது. இதில் அவர் எந்தப் பக்கம் என்பதை இனி எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.